ஒட்டகம் இல்லாத ஊர்

கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடக்கும் வாரத்தில் கண்டியை விட்டு வெளியூர் போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். முழுக் குடும்பமும் அல்ல, அம்மாவையும் தம்பியையும் வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் நானும் மட்டும். நாடே யானை பார்க்கக் கண்டிக்கு வந்துகொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மன்னாருக்குப் போய்க் கழுதை பார்த்துவிட்டு வந்தோம். இதை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ஒரு தபால் கந்தோரில் கிளார்க். பல வருடம் பார்சல் பகுதியில் இருந்ததால், கையில் கிடைத்த எதையும் நூலால் கட்டி, முடிச்சுப் போட்டு, ஒருதடவை குலுக்கிப் பார்க்காவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. எங்கள் வீட்டில் கருவாட்டுப் பொட்டலம்கூட வெளிநாட்டுக்குப் போகத் தயாராக இருப்பதுபோல இருக்கும்.

எனக்கு இழுப்பு இருந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு மலைச் சரிவில், வெயில் படாத பக்கத்தில் இருந்தது. மழைக்காலத்தில் சுவரில் பச்சையாகப் பூஞ்சணம் ஏறும். அலுமாரியிலிருந்து எடுக்கும் துணி ஈரமாகவே இருக்கும். அந்த மாதங்களில் என் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து விசில் ஊதுவதுபோலச் சத்தம் வரும். பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்கள் அதிகம். பெரியாஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்ததோடு, நெஞ்சுக்குப் பலம் வர இந்தப் பிள்ளை தினமும் பலூன் ஊதட்டும் என்றும் சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது என் கஷ்டகாலம்.

அப்பா ஒரு பெட்டி நிறையப் பலூன் வாங்கி வந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் கண்ணெல்லாம் பிதுங்க ஊதி முடித்ததும், பார்சல் கட்டும் நூலை அதன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, எந்த இடம்வரை வந்ததோ அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த நூலில் முடிச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. என் பலூன் எலுமிச்சங்காய் அளவைத் தாண்டவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்னைக்கி யாருக்குப் பொறந்தநாள்?" என்று கேட்பார்கள்.

அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வருடத்தில் சில தடவை ரயிலில் இலவசமாகப் போய்வர ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். வாரண்ட் என்று சொல்வோம். அந்த வருடத்து வாரண்டில் கொழும்புக்குப் போய் மிருகக்காட்சிச் சாலை பார்க்க வேண்டும் என்று நான் ஜனவரியிலிருந்தே சொல்லி வைத்திருந்தேன். அப்பா "பாப்போம்" என்றே சொல்லிவந்தார். ஆகஸ்ட் விடுமுறை வந்தது. ஒரு மாலை, பலூனுக்கு முடிச்சுப் போட்டு முடித்ததும் கேட்டார்.

"பாப்பா, மன்னாருக்குப் போயிட்டு வருவமா? வெள்ளிக்கெழம போயி ஞாயித்துக்கெழம வந்துரலாம்."

"அங்க என்னா இருக்கு?"

"பாலைவனம் மாதிரி இருக்கும். ஒரே மணலு. பழைய கோட்ட இருக்கு. அந்தக் காலத்துல அரபிக்காரங்க கப்பல்ல வந்து எறங்கின ஊரு. உன் புஸ்தகத்துல படம் இருக்கே, பாலைவனச் சோல, அந்த மாதிரின்னு வச்சிக்கயேன்."

அந்தப் படம் எனக்கு மனப்பாடம். நடுவில் ஒரு குளம், சுற்றிலும் ஈச்ச மரங்கள், மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் மூன்று ஒட்டகங்கள்.

"ஒட்டகம் இருக்குமா?"

அப்பா பொய் சொல்ல மாட்டார். ஆனால் முழு உண்மையையும் சொல்ல மாட்டார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. "வந்து பாரேன்" என்றார்.

ஒட்டகம் நிச்சயம் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம், "புள்ளகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஒட்டகத்தைத்தான் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

எந்த வெள்ளிக்கிழமை என்று தெரிந்தபோதுதான் இடி விழுந்தது. பெரஹரா தொடங்கும் வாரம். வியாழக்கிழமை பின்னேரமே புசல்லாவைத் தோட்டத்திலிருந்து சித்தப்பா குடும்பம் பாய், தலையணை, நான்கு பிள்ளைகள் சகிதம் பெரஹரா பார்க்க எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டது. எந்த மூலையில் நின்றால் யானை நன்றாகத் தெரியும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் பார்க்கப் போகிறார்கள். ஊர்க்காரி நான் பார்க்கப் போவதில்லை. அழுதேன். காலை உதைத்தேன். போன வருடம் பெரஹராவின் பந்தப் புகையில் எனக்கு மூச்சு முட்டி, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடியதை அம்மா ஞாபகப்படுத்தினாள். அது போன வருடம், இது இந்த வருடம் என்று வாதாடினேன். வீட்டில் இடம் போதாமல் என்னைத் துரத்துகிறார்கள் என்பதே என் முடிவு.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். எங்கள் பையை அப்பா பார்சல் போலக் கட்டியிருந்தார். நெடுக்கே நான்கு, குறுக்கே நான்கு நூல். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் அதற்குள்ளே இருந்தன. பொல்காவலையில் இறங்கி வடக்கே போகும் ரயிலுக்குக் காத்திருந்தபோது எனக்குப் பசித்தது. அப்பா முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அறுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நல்ல நூல யாராச்சும் அறுப்பாங்களா?" என்றார். நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். கடைசி முடிச்சு அவிழ்ந்த நேரம் ரயில் வந்தது. பையை மறுபடி கட்டிக்கொண்டு ஏறினார்.

இதற்கிடையில் அந்த மேடையிலேயே சட்டைப் பையிலிருந்து பலூனை எடுத்து, "ஊது பாப்பா" என்றார். அத்தனை பேருக்கு முன்னால். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண் என் சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "பவ்" என்றாள். பாவம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் நான் கூனிக் குறுகிப் போனேன். எலுமிச்சங்காய்தான். அப்பா முடிச்சைப் போட்டுக்கொண்டார்.

மதவாச்சியில் இன்னொரு ரயில் மாறினோம். அதற்குப் பிறகு பச்சை என்ற நிறமே உலகத்தில் இல்லாமல் போனது. முள்ளுப் பற்றைகள், வெடித்த தரை, பிறகு மணல். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. மணலைக் கண்டதும் எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒட்டகத்துக்கு ஏற்ற இடம்தான் என்று நினைத்தேன். தூரத்தில் தெரிந்த மரங்களைக் காட்டி, "ஈச்ச மரமா?" என்று கேட்டேன்.

"பன மரம்" என்றார் அப்பா.

மன்னாரில் எங்களை அழைத்துப் போக ஒருவர் சைக்கிளோடு நின்றிருந்தார். அப்பாவைப் போல அவரும் தபால் கந்தோர் கிளார்க், ஆனால் மன்னாரில். இரண்டு பேரும் கடிதத்தில்தான் பழக்கம். அவரை 'மாமா' என்று கூப்பிடச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே, தெரு நடுவில், கடை வாசலில், மதில் ஓரத்தில் என்று எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறத்தில் குட்டையாக ஏதோ நின்றுகொண்டிருந்தன.

"இதெல்லாம் என்னா?"

"கழுதை, பிள்ளை" என்றார் மாமா. "மன்னார் எண்டாலே கழுதைதானே."

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் ஊரின் காற்றை ஆழமாக இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் வீடு கிடுகு வேலிக்குள், மணல் முற்றத்தோடு இருந்தது. மாமி வாசலுக்கு ஓடி வந்து, "வாங்கோ, வாங்கோ. பிள்ளை சரியாக் களைச்சுப் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேநீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். உப்பு. கிணற்றுத் தண்ணீரே அப்படித்தானாம். நல்ல தண்ணீர் வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருவார்களாம், இன்றைக்கு வண்டி வரவில்லையாம். தேநீரைக் கதிரைக்கு அடியில் தள்ளிவைத்தேன். மாமி அதைக் கவனித்தாள்.

அவர்களுடைய ஒரே மகள் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறையை மாமி எனக்குத் திறந்து காட்டினாள். கட்டில், மேசை, வேப்ப மரத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். "இதுதான் உங்கட அறை" என்றாள். அலுமாரியைத் திறந்து, "மகளின்ர சாமானெல்லாம் ஒதுக்கிப்போட்டன். இதுக்குள்ள உடுப்புகளை வைக்கலாம். மேசையை இந்தப் பக்கம் இழுத்தா வெளிச்சம் நல்லா விழும், படிக்கலாம்" என்றாள்.

என்னிடம் இருந்தது இரண்டு கவுன். இருக்கப் போவது இரண்டு நாள். படிக்க வேண்டுமாம். இந்த மாமிக்கு ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே ஊர் சுற்றல் தொடங்கிவிட்டது. முதலில் கோட்டை. பறங்கியர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு பக்கம் ஏதோ கட்டடங்கள், மற்றப் பக்கம் ஆடுகள் மேய்ந்தன. மதிலுக்கு ஏறும் படியைக் காட்டி அப்பா, "ஓடிப் போயி ஏறு பாப்பா" என்றார். எங்கள் வீட்டில் ஓடாதே, ஏறாதே, குதிக்காதே என்பதுதான் சட்டம். இந்த ஆள் ஓடு என்கிறார். ஏறினேன். இறங்கினேன். "இன்னொரு தடவ" என்றார். மூன்றாம் முறை இறங்கி வந்ததும் என் முதுகில் காதை வைத்துக் கேட்டார். கோட்டை வாசலில், பட்டப்பகலில், ஆடுகள் பார்த்திருக்க. பிறகு சட்டைப் பையிலிருந்து பலூன் வந்தது.

அது தோடம்பழம் அளவுக்கு வந்தது. நூலைச் சுற்றிப் போட்டபோது பழைய முடிச்சுகளைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அப்பா அந்தப் புது இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, அதை மாமாவிடம் காட்டினார். மாமா தலையை ஆட்டினார். ஏதோ பெரிய சங்கதி நடப்பதுபோல இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தலை கொதித்தது.

அடுத்து ஒரு பள்ளிக்கூடம். விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு வெளியே நின்று, "நல்ல பெரிய மைதானம், என்னா பாப்பா?" என்றார் அப்பா. சுற்றுலா போன இடத்தில் பள்ளிக்கூடத்தைக் காட்டும் தகப்பனை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகு பெருக்க மரம். உண்மையில் பெரிய மரம்தான். ஒரு வீட்டின் சுற்றளவு இருக்கும். யானையின் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்டி யானைகளின் ஞாபகம் வந்துவிட்டது.

"அரபிக்காரர் தங்கட ஒட்டகங்களுக்குத் தீனிக்காகக் கொண்டுவந்து வச்ச மரமெண்டு சொல்லுவினம்" என்றார் மாமா.

நான் நிமிர்ந்தேன். "ஒட்டகம் எங்க?"

"அதுகள் எப்பவோ போயிட்டுதுகளே. நூற்றுக்கணக்கான வருசமாச்சு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மரத்தைப் பார்த்தார். அரபிக்காரர் வந்த ஊர் என்று சொன்னாரே தவிர ஒட்டகம் இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மரத்தடி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று மணலை அள்ளி வாயில் போட்டது. எழும்ப மாட்டேன் என்றேன். அப்பா என்னைத் தூக்க வந்தார், நான் மணலை அள்ளி வீசினேன். ஒரு கழுதை வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

மத்தியானம் மாமி மூன்று விதமாக மீன் சமைத்திருந்தாள். நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு சொல்லு, மாமி செய்து தாறன்" என்றாள். "ஒண்ணும் வேணாம்" என்றேன். அவள் ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்தாள். அதையும் தள்ளிவிட்டேன்.

பின்னேரம் முற்றத்தில் மூன்று பேரும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒரே ஒரு தடவ. மாமாவும் மாமியும் பாக்கட்டும்."

பலூனை நீட்டினார். அந்த நாள் முழுதும் எனக்குள் சேர்ந்திருந்தது எல்லாம் நெஞ்சுக்கு வந்தது. பலூனைப் பறித்து வாயில் வைத்து ஊதினேன். எலுமிச்சங்காயைத் தாண்டியது. தோடம்பழத்தைத் தாண்டியது. தேங்காய் அளவு வந்தது. "போதும் பாப்பா" என்றார் அப்பா. நான் நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். பலூன் என் கண்ணை மறைத்தது. பிறகு என் மூஞ்சிக்கு நேரே படாரென்று வெடித்தது.

அப்புறம் அப்பா சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று மாமாவின் கையைப் பிடித்து ஆட்டினார். மாமி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கெட்டிக்காரி, கெட்டிக்காரி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மாமியின் கையை உதறினேன்.

"எனக்கு இந்த ஊரே புடிக்கல! தண்ணி உப்பு. எல்லா எடமும் மீன் நாத்தம். ஒட்டகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்க இருக்கிறதுக்குச் செத்துப் போயிரலாம்!"

அப்பாவின் கை தொடையிலேயே நின்றுவிட்டது. இழுப்புக்காரப் பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. எனக்கு இரண்டு வயதுக்கு மூத்த ஒரு பிள்ளை இருந்து, நெஞ்சுச் சளியில் போய்விட்டது என்பது எனக்கு அந்த வயதில் தெரியாது. "அவளுக்குக் களைப்பு" என்றாள் மாமி, யாரையும் பார்க்காமல். மாமா எழுந்து போய் முற்றத்தில் கிடந்த பலூன் துண்டுகளைப் பொறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் நீளமான ஒரு கடுதாசியும் பேனாவும் இருந்தன. கடுதாசியின் அடியில் மாமா ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பா அதை எடுத்து, தந்தி வாசிப்பதுபோலக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடிவிட்டு, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

"பாப்பா, இங்க திருப்பி ஒருக்கா வருவமா? கொஞ்ச நாள் இருந்து பாப்பமா?"

"மாட்டேன்."

"தண்ணி பழகிரும்."

"மாட்டேன்."

"அம்மா, தம்பி, எல்லாரும் வந்தா?"

"அவங்க வந்து இருக்கட்டும். நான் சித்தப்பாகூடப் புசல்லாவைக்குப் போயிருவேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி" என்றார்.

உள்ளே போய்க் கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சு எழுதுறேன்" என்று மாமாவிடம் சொன்னார். "அவசரமில்லை" என்றார் மாமா. மாமி மகளிடம் கொடுக்கச் சொல்லி பனங்கிழங்கு ஒடியல்மாவும் எள்ளுருண்டையும் ஒரு பொட்டலமாகத் தந்தாள். புறப்படும்போது என் தலையைத் தடவினாள். வாசல்வரை வரவில்லை. முட்டைப் பொரியலைத் தள்ளிவிட்ட கோபம் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் அந்தப் பயணம். இரண்டு மாதம் கழித்து மழை தொடங்கியது. எனக்கு இழுப்பு வந்தது. அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் மோசமாகவே இருந்தன. ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் அது தானாகக் குறைந்தது. ஏன் குறைந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அம்மா பழைய கடுதாசிகளைக் கொட்டித் துப்புரவு செய்தாள். அந்த நீளமான கடுதாசி அப்போது என் கையில் கிடைத்தது. இரண்டு கிளார்க்குகள் ஒருவர் இடத்துக்கு மற்றவர் மாறிப் போக விரும்புவதாக மேலிடத்துக்கு எழுதிய விண்ணப்பம். மாமாவின் கையெழுத்து இருந்தது. அப்பாவின் இடம் காலியாக இருந்தது.

"ஈரமில்லாத ஊருக்குக் கொண்டுபோனா ஒனக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் அம்மா. "அந்த மாமிக்கு மககிட்ட வந்து இருக்கணும். மூணு மாசமா எழுதி எழுதி அந்த ஆளப் புடிச்சாரு ஒங்கப்பா. ரெண்டு ராத்திரியும் நீ ஒரு தடவகூட இருமலயாம். தூங்காம உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

"பொறகு ஏன் போகல?"

"நீ செத்துப் போறேன்னு சொன்னியாமே."

நான் நேரே அப்பாவிடம் போனேன். அவர் முன்வாசலில் உட்கார்ந்து ஏதோ ஒரு பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா, ஒன்னாலதான் எல்லாரும் ஊர விட்டுப் போறோம்னு ஆயிரும். பத்து வயசுப் புள்ள தலையில அத ஏத்தலாமா?"

"ஏத்தாமத்தான் எங்கிட்ட முடிவு கேட்டீங்களா?"

அவர் அடுத்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. கேள்வி என்ன என்று சொல்லாமல் விடையை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார். பிடிவாதமாகக் கூட்டிப் போயிருக்கலாம், நான் நான்கு நாள் அழுதிருப்பேன், ஐந்தாம் நாள் கழுதை மேல் ஏறியிருப்பேன். அந்த மாமி மகளின் பட்டமளிப்புக்கு மட்டும்தான் பேராதனைக்கு வந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதன் பிறகு நாட்டில் நடந்தவற்றில் மன்னாருக்கு ரயிலே இல்லாமல் போனது. "நல்ல வேளை நாம போகல" என்று அம்மா சொல்வாள். கண்டியில் இருந்து நாங்களும் ஒரு கலவரத்தைப் பார்த்தோம். எங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்போம் என்று எங்கள் நாட்டில் யாராலும் சொல்ல முடியாது. அப்பா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது ரயில் ரம்புக்கனையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. பெட்டிக்குள் குளிர் வந்தது. பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் காய்ந்து கிடந்த எனக்கு அதைக் கண்டதும் உயிர் வந்தது. ஜன்னலில் தலையை நீட்டினேன். அப்பா என்னைப் பின்னால் இழுத்து ஜன்னலைச் சாத்தினார். நான் திறந்தேன். அவர் சாத்தினார். மறுபடி திறந்தேன், இந்தத் தடவை அவர் சாத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடுகண்ணாவைச் சுரங்கத்தைத் தாண்டியதும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய, அவருக்குக் கேட்கும்படி சத்தமாக இழுத்தேன். "இதுதான் நல்ல காத்து" என்றேன். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்தது. சின்ன இருமல்தான். அப்பா எனக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார். எஞ்சின் கரி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன வெட்கம், அதுதான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால் என்றும் நினைத்தேன். பேராதனை வரும்வரை நான் ஜன்னலை விடவில்லை.